சபுராளி நடக்கலாமா

உஸ்மானுக்கு இரண்டு உயரங்கள் பழக்கம். ஒன்று, சார்ஜாவில் அவர் ஓட்டுகிற கோபுரக் கிரேனின் உச்சி. மற்றது, விடுமுறைக்கு விருத்தாசலத்தில் வந்து இறங்கியதும் தெருவார் அவரைத் தூக்கி வைக்கிற இடம். முதலாவதற்கு ஏணி உண்டு. இரண்டாவதில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த முறை முதல் ஏணிக்கே ஆபத்து வந்திருந்தது. நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள் இனிமேல் கிரேன் ஏறக் கூடாது என்று கம்பெனி புதிதாக விதி போட்டுவிட்டது. விடுமுறை முடிந்து கிளம்புவதற்கு முன் சென்னையில் மருத்துவப் பரிசோதனை. முள் நூறுக்குக் கீழே நின்றால் விமானம். மேலே நின்றால் வீடு. உஸ்மானின் எடை நூற்று நான்கு. "நாலு கிலோதானே, ரெண்டு மாசம் லீவுல நடந்தே கரைச்சிட மாட்டேனா" என்று கேம்ப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். வெளிநாட்டிலேயே கிடந்தால் மனிதனுக்குச் சொந்த ஊர் எப்படியெல்லாம் மறந்துபோகிறது பாருங்கள்.

விஷயம் மனைவி நசீம் பானுவுக்கு மட்டும் தெரியும். தெருவுக்குத் தெரியக் கூடாது என்று உஸ்மான் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவரை அந்தத் தெருவில் சபுராளி என்பார்கள். சபுராளிக்குக் காய்ச்சல் வரலாம், கோபம் வரலாம், வழுக்கைகூட விழலாம். வேலை ஆட்டம் காண்கிறது என்ற பேச்சு மட்டும் வரக் கூடாது.

ஜங்ஷன் ரோட்டு டாக்டர் சண்முகப்ரியா ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்.

"காலையில ஒரு மணி நேரம் வேகமா நடங்க. அடுத்தவங்க வீட்டுல சாப்பிடாதீங்க. வேற மருந்து வேண்டாம்." பிறகு நசீம் பானுவைப் பார்த்தார். "உங்களுக்கும் சேர்த்துத்தான். முட்டி வலிக்கும் சுகருக்கும் நடங்கன்னு போன தடவையே சொன்னேன்ல?"

"நடக்கிறேனே டாக்டர்."

"எங்க?"

"சமையக்கட்டுலேர்ந்து கூடத்துக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. நசீமும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் உஸ்மான் கேட்டார். "ஏன், தெருவுல நடந்தா என்ன?"

"போன வருஷம் ஒருநா நடந்தேன். பள்ளிவாசல் முனைகூடத் தாண்டல. அதுக்குள்ள ஜமால் மாமாவுக்குப் போன் போயிருச்சு, நசீமு கோவிச்சிக்கிட்டு வூட்ட விட்டுப் போறாளாம்னு. மாமா ஆட்டோவ எடுத்துக்கிட்டு வந்து ஏத்திக்கிட்டுப் போனாங்க. பொம்பள கையில ஒரு கூடை இல்லாம, பை இல்லாம தெருவுல நடந்தா அதுக்கு வேற என்னங்க அர்த்தம்?"

"நான் ஆம்பள. என்னை யாரு கேக்கப் போறா" என்றார் உஸ்மான்.

மறுநாள் விடியற்காலை பஜர் தொழுகை முடிந்ததும், சார்ஜாவில் வாங்கிய வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினார். தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூடாமல் கிடந்தது. சாக்கடை மேல் போட்ட பலகைக்கல்தான் நடைபாதை. அதன் மேல் ஒரு சமோசா வண்டி, அடுத்து ஒரு பேக்கரியின் கண்ணாடிப் பெட்டி, அதற்கடுத்து பரோட்டாக் கடையின் தோசைக்கல். கால் வைக்க இடமில்லாத தெருவில் வாய் வைக்க மட்டும் இடம் தாராளம். கம்பி வைத்து, உடற்பயிற்சிக் கருவிகளெல்லாம் நட்ட பூங்கா ஒன்று இருந்தது. பூட்டியிருந்தது. திறப்பு விழாவுக்கு யாரோ பெரியவர் தேதி கொடுக்க வேண்டுமாம். மிச்சம் இருந்தது மெயின் ரோட்டின் ஓரம். பீங்கான் தொழிற்பேட்டைக்கு வெள்ளைக் களிமண் ஏற்றிப் போகும் லாரிகள், முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்டுப் போயின.

இருந்தாலும் உஸ்மான் நடந்தார். மின்கம்பத்துக்கு மின்கம்பம் கைவீசி நடந்தார். மூன்றாவது கம்பத்தில் பால்காரர் திருமாலின் பைக் வந்து நின்றது.

"பாய், எப்ப வந்தீங்க? ஏறுங்க."

"நடக்கிறேன் திருமாலு."

"அது தெரியுது. எங்க போவணும்?"

"எங்கயும் இல்ல. சும்மா."

திருமால் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினார். சும்மா நடக்கிற ஒரு மனிதரை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

"வூட்ல எதுனா பிரச்சனையா பாய்?"

"ஒண்ணும் இல்லப்பா. டாக்டரு நடக்க சொன்னாங்க."

"டாக்டரு நடக்கச் சொன்னாரு சரி. சபுராளி நடக்கலாமா? பாக்கிறவன் என்ன நெனப்பான்? பால்கேனு தொங்குற வண்டி, இதுல போயி உக்காருறதான்னு நெனைக்கிறீங்க. அவ்ளோதான."

இதற்கு மேல் ஏறாமல் இருந்தால் ஜென்மப் பகை. ஏறினார். திருமால் பாலக்கரையில் இறக்கிவிட்டார். சரி, வீடுவரை திரும்பி நடந்தால் கணக்கு நேராகிவிடும் என்று உஸ்மான் திரும்பினார். பக்கத்துத் தெரு நந்தகுமார் ஸ்கூட்டியில் வந்தார், ஏற்றிக்கொண்டார். நந்தகுமார் வேறு பக்கம் திரும்ப வேண்டியிருந்ததால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எதிரில் வந்த ஷேர் ஆட்டோவை மறித்து, டிரைவரிடம் "பாய நேரா வூட்லயே வுட்ருப்பா" என்று ஒப்படைத்தார். வீடு வந்து சேர்ந்தபோது வெள்ளை ஷூவின் அடியில் மண்கூட ஒட்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் முகக்கவசமும் தொப்பியும் போட்டுக்கொண்டு போனார். வயிற்றை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அதற்கடுத்த நாள் மணிமுத்தாற்றங்கரைப் பக்கம் ஒதுங்கினார். அங்கே நாய்கள் இருந்தன. நாய்களுக்கு மட்டும்தான் சபுராளி என்ற மரியாதை கிடையாது, கூட்டமாகத் துரத்தின. அந்த வாரத்தில் உஸ்மானின் உடம்பு வேர்த்தது அப்போதுதான். அதையும் ஒரு புண்ணியவான் பைக்கில் பாய்ந்து வந்து காப்பாற்றிக் கெடுத்தார்.

நடைதான் போயிற்று, வாயையாவது கட்டலாம் என்றால், விருந்து. விடுமுறையில் வந்தவரை ஒவ்வொரு வீடும் ஒரு வேளையாவது அழைத்துச் சோறு போட வேண்டும். போடாவிட்டால் போடாதவருக்கு அசிங்கம். போகாவிட்டால் போகாதவருக்குத் திமிர். நசீமின் தாய்மாமன் ஜமால் முகம்மது மளிகைக்கடை வைத்திருந்தார். முதல் விருந்து அவர் வீட்டில்தான். நெய்ச்சோறு, தாளிச்சா, கோழி. சீமை மாறிப் போன பிள்ளை என்று கைப்பிடி கைப்பிடியாக முந்திரிப்பருப்பு.

"டாக்டரு எடைய கொறைக்கச் சொல்லியிருக்காங்க மாமா. பாதி வச்சாப் போதும்."

"கொறைச்சிக்கலாம். கொறைக்கிறதுக்கு மொதல்ல உடம்புல தெம்பு வேணாமா? பாலைவனத்துல காஞ்சி கருவாடா வந்திருக்கிற."

நூற்று நாலு கிலோ கருவாடு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டது.

அடுத்தடுத்து பாச்சா மாமா வீடு, சனா வீடு, முபாஷிர் வீடு. இடையில் ஒரு நாள் ஸ்ரீமுஷ்ணத்தில் மகளைக் கொடுத்த சம்பந்தி வீட்டுக்காரர்கள். 'ஒரு வாய்தான்' என்றார்கள் எல்லாரும். உஸ்மானுக்கும் ஒரு வாய்தான் இருந்தது, அதுதான் சங்கடம்.

யோசித்து யோசித்து வழி கண்டுபிடித்தவள் நசீம் பானு.

"நோன்பு வையிங்க."

"ரமலான் எங்கயோ இருக்குதே."

"நம்ம இஷ்டத்துக்கு நஃபில் நோன்பு வக்கக் கூடாதா? திங்களும் வியாழனும் வச்சா சுன்னத்து, நபி காட்டின வழி. நீங்க தெனமும் வையிங்க. நோன்பாளிய எவன் சாப்புடக் கூப்புடுவான்? மார்க்கமும் ஆச்சு, எடையும் ஆச்சு."

இத்தனை வருடமாக இந்த மூளையைச் சமையற்கட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறோமே என்று உஸ்மான் உருகிப் போனார். மறுநாளே நோன்பு வைத்தார். யோசனை சரியாகப் பலித்தது. மதிய விருந்துக்கு வரச்சொன்ன வீடு "மாஷா அல்லாஹ், இருக்கட்டும், இருக்கட்டும்" என்று மரியாதையாகப் பின்வாங்கியது. மாலை அசர் தொழுகை நேரம்வரை உஸ்மானின் வயிறு, பல வருடங்களுக்குப் பிறகு, காலி வீடு மாதிரி எதிரொலித்தது.

நோன்பு திறக்கிற மஃக்ரிபு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கதவு தட்டப்பட்டது. ஜமால் மாமா வீட்டிலிருந்து ஒரு தூக்குச் சட்டி நோன்புக் கஞ்சி, ஒரு தட்டு வடை. நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுத்தால் அந்த நோன்பின் நன்மையில் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு என்பது கணவன் மனைவி இருவருக்குமே தெரியும். தெரிந்தும் அந்த நிமிஷம்வரை நினைவுக்கு வரவில்லை. இரண்டாவது தட்டல், சனா வீட்டு சமோசா. மூன்றாவது, இறால் வைத்துப் பொரித்த வாடாவும் கறிக்கஞ்சியும். ரமலானில் எல்லாரும் நோன்பாளி என்பதால் நன்மை பரவலாகக் கிடைக்கும். இப்போதோ தெருவிலேயே ஒரே ஒரு நோன்பாளி. போட்டி. பின் தெருவிலிருந்து நண்பர் கலியமூர்த்தியின் மனைவி ராஜாம்பாள், "பாய் விரதமாமே" என்று கேசரி கொடுத்தனுப்பியிருந்தாள்.

கூடத்தில் பாத்திரங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நசீம் பானு அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"சோத்தைக் கொட்டினா பாவம்" என்றாள் ஈனஸ்வரத்தில்.

"யாருக்காச்சும் குடுத்துடு."

"யாருக்குங்க? எல்லாம் குடுத்தவங்க வூடுதான்."

அந்த வாரம் முழுக்க உஸ்மான் இறைவனுக்காகப் பட்டினி கிடந்து, தெருவுக்காகச் சாப்பிட்டார்.

வார முடிவில் எடை பார்க்கக் கலியமூர்த்தியின் கொட்டகைக்குப் போனார். கலியமூர்த்தி பள்ளிக்கூடத்தில் உஸ்மானோடு ஒரே பெஞ்சு. இப்போது வீட்டின் பின்னால் கொட்டகை போட்டுப் பீங்கான் பொம்மை அச்சு வார்க்கிறவர். களிமண் மூட்டை எடைபோடும் மேடைத் தராசு அங்கே இருந்தது. கம்பெனி விஷயத்தை அவரிடம் மட்டும் உஸ்மான் சொல்லியிருந்தார். மூட்டை மாதிரி தராசில் ஏறி நிற்கிறவன் தராசுக்காரனிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"நூத்தியாறு" என்றார் கலியமூர்த்தி.

"சரியா பாருடா."

"தராசு சரியாதான் இருக்குது. ஆளுதான் சரியில்ல. நோன்பு வச்சி எடை ஏத்துன மொத மனுசன் நீதாண்டா மாப்ள. மருந்தெல்லாம் உனக்குக் குடுத்து புண்ணியம் இல்ல, தெருவுக்குத்தான் குடுக்கணும்."

"நீ வேற எரியிற நெருப்புல."

"என் கத அதுக்கு மேல. கொலுவுக்கு ஆர்டரு. அத்தினியும் செட்டியார் பொம்ம. எப்பவும் குட்டியானைல ஏத்தி பேட்டைல சூளைக்கு அனுப்புவேன். ரோடு முழுக்கப் பள்ளம் நோண்டி வச்சிருக்கானுவோ, போன லோடுல பாதி நொறுங்கிப் போச்சு. கையில தூக்கிக்கிட்டுத்தான் போவணும், ஆளு கெடைக்கல."

பலகையில் செட்டியார்கள் வரிசையாக உலர்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் தொந்தியும் தொப்பையுமாக, கையைத் தொடையில் ஊன்றி, உஸ்மானின் ஜாடையில். சுடாத பொம்மையைப் பச்சை என்பார்கள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பச்சை, சூளையில் வேகிறவரை பிஸ்கட்டைவிட மோசம். விரல் அழுந்தினால் மூக்கு போய்விடும்.

எரிச்சலில் இருந்தாரா, வீட்டுக்குப் போனால் மஃக்ரிபுத் தட்டுகள் வந்துவிடும் என்று பயந்தாரா தெரியாது. "குடு, ஒரு நடை நான் தூக்கிக்கிட்டுப் போறேன்" என்றார் உஸ்மான்.

பலகையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினார். கொஞ்ச தூரத்தில் திருமாலின் பைக் வந்தது. வேகம் குறைந்தது. உஸ்மான் செட்டியார்களோடு ஓரமாக ஒதுங்கினார்.

திருமால் பலகையைப் பார்த்தார். "பச்சையா?"

"பச்சை."

"பாத்து பாய். பள்ளம் இருக்குது." அவ்வளவுதான். இன்ஜினைக்கூட மெதுவாக்கி, பொம்மை அதிராமல் ஒதுங்கிப் போனார்.

உஸ்மான் நடந்தார். நந்தகுமாரின் ஸ்கூட்டி வந்தது, "ஓ, பச்சை" என்று விலகிற்று. ஷேர் ஆட்டோ விலகிற்று. களிமண் லாரிக்காரர், அதே தொழில்காரர் அல்லவா, லாரியையே நிறுத்தி வழி விட்டார். பிறந்த ஊரில், வளர்ந்த தெருவில், முதல்முறையாக ஒருவரும் ஏறச் சொல்லாமல் உஸ்மான் நடந்தார். சமோசா வண்டியைத் தாண்டினார். கை இரண்டும் செட்டியார்களிடம் இருந்தபடியால் ஒரு சமோசாகூட வாங்க முடியவில்லை. பேட்டைச் சூளையில் பலகையை இறக்கியபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வெறும் பலகையோடு திரும்பினால் மறுபடி வண்டிகள் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். சூளையிலிருந்து வெந்து வந்த பொம்மைகளை அடுக்கிக்கொண்டு திரும்பினார்.

"மறுபடி எப்ப வரட்டும்?" என்று கேட்டார்.

கலியமூர்த்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். "கூலி எவ்ளோ கேப்ப?"

"தராசுல நிக்க விடு. போதும்."

அன்றிலிருந்து நோன்பு நின்றது, நடை தொடங்கியது. காலையில் போக வர, சாயங்காலம் போக வர. வாரத்துக்கு வாரம் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உஸ்மான் சந்தோஷத்தில் இருந்தார். தெரு என்ன பார்க்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

தெரு பார்த்தது இதுதான்: சபுராளி களிமண் சுமக்கிறார்.

விருந்துகள் மெல்ல நின்றன. அழைத்திருந்த ஒரு வீட்டில், "வூட்டுல ஒடம்பு சரியில்ல, அப்பறம் பாப்போம்" என்றார்கள். இன்னொரு வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லை. பள்ளிவாசலில் சலாம் சொன்னால் பதிலோடு ஒரு பெருமூச்சும் வந்தது. வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது, ஒரு வீடும் ஒரு வாய்கூட ஊட்ட வரவில்லை. உஸ்மான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஏனோ, வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு மதியத்தில், பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனை வந்தபோது, தன்னைக் கூப்பிடாமல் தாளிக்கிறார்களே என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். மனிதனின் வயிற்றுக்குச் சோறு மட்டும் போதாது, கூப்பிடவும் ஆள் வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் அசருக்குப் பிறகு ஜமால் முகம்மது வந்தார். டீ வந்தது. டீயைப் பாதி குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"கடையில எனக்குத் தனியா முடியல உஸ்மானு. சரக்கு பாத்துக்க நம்பிக்கையான ஆளு ஒண்ணு வேணும். வெளியாளுக்குக் குடுக்கிறத நம்மாளுக்குக் குடுத்தா என்ன. வெயில்ல சொமக்கிற வேல நமக்கு ஆவாது."

உஸ்மான் வாயைத் திறந்தார். கதவருகே நசீம் பானு ஓர் அடி முன்னால் வந்தாள். 'அவங்களுக்கு வேலை நல்லாத்தான் இருக்குது' என்ற வாக்கியம் அவள் உதடுவரை வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. சொன்னால் மானம் திரும்பிவிடும். மானத்தோடு விருந்தும் திரும்பிவிடும். கொட்டகைத் தராசில் முள் இன்னும் நூற்றொன்றில் நின்றது.

நசீம் உதட்டைக் கடித்துக்கொண்டு டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போனாள்.

"யோசிக்கிறேன் மாமா" என்றார் உஸ்மான்.

மாமா தெருத் திரும்பியதும் உள்ளே பாத்திரங்கள் பேசத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒரு சத்தம்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒருத்தர்கிட்ட கை நீட்டினதில்ல. என் மாமா என் வூட்டுல உக்காந்து எனக்குப் பிச்ச போட்டுட்டுப் போறாங்க. நான் கிளாஸ எடுத்துக்கிட்டுப் போறேன்."

"இன்னும் கொஞ்ச நாளுதான் நசீமு."

"உங்களுக்கு என்ன, காலையில எந்திரிச்சா பொம்மையத் தூக்கிக்கிட்டு போயிடுவீங்க. வூட்ல இருக்கிறவதான் வரவ போறவ 'உச்சு' கொட்டுறதக் கேக்கணும். சனா உம்மா பழைய சுடிதாரு கொண்டாந்து குடுக்குறா. புதுசுங்க என்னுது, அவளுத விட."

"அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்ற?"

நசீம் பானு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நாளைக்கு நானும் வரேன். வேல போனவன் பொண்டாட்டி வூட்ல குந்தியிருந்தா நல்லாவா இருக்கும்? கஷ்டப்படுறோம்னு முடிவு பண்ணிட்டாங்க. ஒழுங்கா படுவோம்."

கலியமூர்த்தி நீளப் பலகை ஒன்றைக் கொடுத்தார். முன்பக்கம் உஸ்மான், பின்பக்கம் நசீம் பானு, நடுவில் செட்டியார்கள். முதல் நாள் பள்ளிவாசல் முனை வந்ததும் அவள் நடை தயங்கியது. ஒருவரும் போன் செய்யவில்லை. வழியில் நின்றவர்கள் இரக்கத்தோடு ஒதுங்கினார்கள்.

"முட்டி வலிக்குதா?" என்று திரும்பாமலே கேட்டார் உஸ்மான்.

"வலிக்குது. நீங்க வேகமா போனா பொம்ம சாயும், மெதுவா போங்க." சற்றுப் பொறுத்து, "இந்தப் பக்கம் இப்பிடி ஒரு வேப்பமரம் இருக்கிறதே எனக்குத் தெரியாது" என்றாள். அந்த ரோடு வழியாக அவள் நூறு முறை ஆட்டோவில் போயிருக்கிறாள்.

அதிலிருந்து தினமும் வந்தாள். ராஜாம்பாளும் அவளும் சூளை வாசலில் உட்கார்ந்து கணவன்மார்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கிற சத்தம் உள்ளேவரை கேட்கும். உள்ளே வந்து பார்த்தால் நிறுத்திவிடுவார்கள்.

சென்னைக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டுக்கு உஸ்மான் நடந்தே போனார். வேலை போனவரை யாரும் வண்டி நிறுத்தி மறிக்கவில்லை. பஸ் கிளம்பும் நேரத்தில் ஜமால் முகம்மது மூச்சிரைக்க வந்து ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். வாழையிலை வாசனையோடு பிரியாணி. சூடாக இருந்தது.

"மெட்ராஸ்ல வேல தேடப் போறேன்னு நசீமு சொல்லிச்சு. வெறும் வயித்தோட போவாத." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "கூப்புடலியேன்னு மனசுல வச்சிக்காத. தெருவே பேசித்தான் நிறுத்துனோம். நாங்க கூப்புட்டா நீ திருப்பிக் கூப்புடணும். இப்ப உன் நெலமையில எங்கப் போயி பண்ணுவ? உனக்கு சங்கடம் வேணாம்னுதான்."

பஸ் நகர்ந்தது. உஸ்மான் என்னமோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை. இத்தனை நாளாகத் தெருவைத் திட்டிய திட்டெல்லாம் பொட்டலத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. தின்னச் சொல்லியும் கொன்றார்கள், தின்னச் சொல்லாமலும் கொன்றார்கள். இவர்களை என்ன செய்வது?

வேப்பூர்வரை பொட்டலம் மடியில் சுட்டது. நூற்றுக்கு மிக அருகில் இருந்த மனிதர், நேற்று இரவு தண்ணீரைக்கூட அளந்து குடித்தவர். வேப்பூர் நெடுஞ்சாலை ஹோட்டலில் பஸ் நின்றபோது கண்டக்டரிடம் கொடுத்தார்.

"நல்ல பிரியாணிங்க. எங்க மாமா வூட்டுது."

"நீங்க சாப்புடலியா?"

"நான் சாப்பிட்டாச்சு" என்றார் உஸ்மான். ஒரு விதத்தில் அது பொய்யும் இல்லை.

சென்னையில் தராசின் மேல் ஏறுமுன் கைக்கடிகாரம், பெல்ட், தொப்பி, சட்டைப்பையில் இருந்த சில்லறை எல்லாம் இறக்கினார். மூச்சையும் இறக்கினார். தொண்ணூற்றொன்பதே முக்கால். பரிசோதனை செய்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். அந்தக் கால் கிலோ, வேப்பூரில் ஒரு கண்டக்டரின் வயிற்றில் இருந்தது.

நசீமுக்குப் போனில் சொன்ன செய்தி, உஸ்மானுக்கு முன்னால் விருத்தாசலம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் திருமால் பைக்கோடு நின்றார். "வேல போவவே இல்லியாமே. அப்பறம் ஏன் பாய் நடந்தீங்க? ஏறுங்க மொதல்ல." வீட்டு வாசலில் ஜமால் மாமா. அவர் முகத்தில் சந்தோஷமும் கோபமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. "எங்கள இப்பிடி ஏமாத்துனதுக்கு, நாளைலேர்ந்து ஒரு வூடு விடாம வந்து சாப்புடுற. மறுபேச்சு கெடையாது." உஸ்மான் மறுபேச்சு பேசவில்லை. மீதி நாட்களில் ஒரு வீடு விடாமல் சாப்பிட்டார். விமானம் ஏறும்போது எவ்வளவு இருந்தார் என்று தராசுக்கும் தெரியாது. கலியமூர்த்தியிடம் விடைபெறப் போனபோது தராசின் பக்கமே பார்க்கவில்லை.

கார்த்திகை வந்தது. ஒரு காலை கிரேனுக்கு அடியில், ஏறுவதற்கு முன், உஸ்மான் வீட்டுக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் கழித்து நசீம் எடுத்தாள். மூச்சு வாங்கியது. பின்னால் லாரி ஹாரன்.

"எங்க இருக்கிற?"

"பாலக்கரை தாண்டியாச்சு. அகல் வெளக்கு ஆர்டரு. நீங்க குடுத்த இயர்போன மாட்டியிருக்கேன்."

"முட்டி எப்பிடி இருக்குது? டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். சுகரு எறங்கியிருக்குதாம். எங்க நடக்கறீங்கன்னு கேட்டாங்க. சூளைக்குன்னேன். என்னமோ மாதிரி பாத்தாங்க." ராஜாம்பாளின் குரல் குறுக்கே கேட்டது, என்ன சொன்னாளோ, இருவரும் சிரித்தார்கள். "நீங்க சாப்புட்டீங்களா? பரோட்டாவா?"

"சப்பாத்தி."

"பொய்யி."

ஒரு பைக் பக்கத்தில் வந்து வேகம் குறைகிற சத்தம் போனில் கேட்டது. "அக்கா, எங்கப் போவணும், ஏறிக்..." திருமாலின் குரல்தான். பிறகு, "ஓ, பச்சையா. போங்க போங்க" என்று விலகிற்று.

"நசீமு, நாளைக்கு நான் எப்ப கூப்புட..."

"இருங்க, கையில பச்சை இருக்குது, இங்க பள்ளம். அப்பறம் பேசுறேன், வையிங்க."

வைத்துவிட்டாள். உஸ்மான் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியை அண்ணாந்து பார்த்தார். பிறகு முதல் படியில் காலை வைத்தார்.